பி.டி. மாஸ்டரின் அமெரிக்கப் பூர்வீகம்

வேலூர் ஊரீஸ் கல்லூரியின் பெயருக்குப் பின்னால் ஓர் அமெரிக்கத் தம்பதி இருக்கிறார்கள். ரால்ஃப் வூரீஸ், எலிசபெத் வூரீஸ் இருவரும் நியூ ஜெர்சி மாநிலத்துக்காரர்கள். ஆர்க்காடு மிஷன் நடத்திவந்த உயர்நிலைப் பள்ளி 1898-இல் கல்லூரி ஆனது; அவர்கள் கொடுத்த நன்கொடைதான் அதற்குக் கைகொடுத்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் இளவயதில் படித்ததும் இங்கேதான். இதே வூரீஸின் பணத்தில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் ஒரு நூலகம் எழுந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ரட்கர்ஸை 1766-இல் தொடங்கிய டச்சுச் சீர்திருத்த சபைதான் பின்னர் ஆர்க்காடு மிஷனையும் நடத்தியது. விளையாட்டு வரலாற்றில் ரட்கர்ஸுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1869 நவம்பர் 6 அன்று அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் கால்பந்துப் போட்டி அங்கேதான் நடந்தது. பக்கத்துக்கு 25 பேர் இறங்கி ஆடினார்கள். ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றது. அந்த ஆட்டம்தான் பிறகு உருமாறி உருமாறி, கவசமும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு மோதுகிற இன்றைய அமெரிக்கக் கால்பந்து ஆனது. அதே சபை, அதே நன்கொடையாளர், ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த போக்குவரத்து. இத்தனை இருந்தும் அந்த ஆட்டம் மட்டும் பாலாற்றங்கரைக்கு வரவில்லை. வேலூர் தொடங்கி வாணியம்பாடி வரை எந்தப் பள்ளி மைதானத்திலும் முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை.

அந்த ஆட்டத்தைச் சுற்றி அமெரிக்காவில் உருவான ஒரு வேலை மட்டும் இங்கே வந்தது; வந்து நிலைத்தும் விட்டது. நம் பள்ளிகளில் கழுத்தில் விசில் தொங்க, கையில் வருகைப் பதிவேட்டோடு நிற்கும் பி.டி. மாஸ்டரின் வேலைதான் அது. கல்லூரிகளில் அவர் பிசிகல் டைரக்டர். விளையாட்டைச் சொல்லிக் கொடுப்பதும் கல்விதான், அதற்குத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அவர் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாக உட்கார வேண்டும் என்ற மூன்று எண்ணங்களும் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே சிறு வட்டத்து மனிதர்களிடம் முளைத்தன. அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் ஆனார். இன்னொருவர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அந்த வட்டத்தில் பின்னால் வந்து சேர்ந்த மூன்றாமவர் சென்னைக்குக் கப்பலேறினார். அவர் பெயரை நம்மில் அநேகர் கேட்டதுகூட இல்லை. மூவரின் பணிவாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பயிற்சியாளரை எதைக் கொண்டு எடைபோடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. அவர் ஜெயித்த ஆட்டங்களைவிட, அவருக்குப் பிறகு அந்த வேலையைச் செய்ய எத்தனை பேரை உருவாக்கிவிட்டுப் போனார் என்பதே சரியான கணக்கு. அந்தக் கணக்கில் மூவரில் பெரியவர் சென்னைக்கு வந்தவர்தான் என்பது என் வாதம்.

முதலாமவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1862-இல் நியூ ஜெர்சியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கால்பந்திலும் பேஸ்பாலிலும் பேர் எடுத்தார். போதகராக வேண்டும் என்றுதான் இறையியல் படித்தார். மேடைப் பேச்சு வரவில்லை. பிரசங்க பீடத்தில் செய்ய முடியாததை மைதானத்தில் செய்யலாம் என்று முடிவெடுத்து, 1890-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். படித்துக்கொண்டே அங்கு கால்பந்து அணி ஒன்றையும் உருவாக்கினார். 1892-இல் புதிதாகத் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம், கூடவே நிரந்தரப் பேராசிரியர் அந்தஸ்து. ஆட்டம் சொல்லித் தருகிறவர் லத்தீன் பேராசிரியருக்குச் சமமாக ஆசிரியர் குழுவில் உட்கார்ந்தது அதுவரை யாரும் காணாதது. சிகாகோவில் 41 பருவங்கள் இருந்தார். அதற்குமுன் யேலிலேயே, ஆளைப் பிடித்து வீழ்த்தப் பழகுவதற்கென்று பொம்மை கட்டியவர் அவர் என்பார்கள். இன்று சாதாரணமாகிவிட்ட பல உத்திகளை அவர் பேரில்தான் எழுதுகிறார்கள். அவர் கணக்கில் 314 வெற்றிகள். 70 வயது ஆனதும் சிகாகோ ஓய்வு கொடுத்தது. மனிதர் ஓயவில்லை, கலிஃபோர்னியாவில் வேறொரு கல்லூரியில் சேர்ந்து, 81 வயதில், 1943-இல், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். 102 வயது வரை வாழ்ந்து 1965-இல் மறைந்தார்.

இப்படிப்பட்ட வாழ்க்கையைக் குறை சொல்ல மனம் வராதுதான். ஆனால் சிகாகோவில் அவர் போன பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். கால்பந்து கல்வியின் ஒரு பகுதி என்று சொல்லித்தான் ஸ்டாக்கைப் பேராசிரியர் ஆக்கினார்கள். சில ஆண்டுகளில் அது டிக்கெட் விற்று, அரங்கம் கட்டி, பல்கலைக்கழகத்துக்குப் பேர் சம்பாதித்துத் தரும் கேளிக்கையாக மாறிவிட்டது. 1905 பருவத்தில் மட்டும் ஆட்டக்களங்களில் 18 பேர் இறந்ததாகச் சிகாகோ நாளிதழ் ஒன்று கணக்குப் போட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு விதிகள் மாறின. ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் அணி எதற்கு என்ற நிலைக்கு வந்தபின், 1939-இல் சிகாகோ பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. ஸ்டாக்கின் பெயர் தாங்கிய மைதானம் சும்மா கிடந்தது. அதன் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த அறையில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. 41 பருவ உழைப்பு, பேராசிரியர் நாற்காலி, இத்தனையும் வெற்றியின்மேல் கட்டப்பட்டிருந்தன. வெற்றி நின்றதும் அடித்தளமே போயிற்று.

ஸ்டாக் விட்டுவந்த ஸ்பிரிங்ஃபீல்டு வேறு வழியில் போனது. அந்தப் பள்ளியின் உடற்பயிற்சித் துறைக்குத் தலைவர் லூதர் குலிக். ஒய்.எம்.சி.ஏ. சின்னமாக இன்றும் இருக்கும் தலைகீழ் முக்கோணம், உடல், அறிவு, ஆன்மா என்ற மூன்று பக்கங்களோடு, அவர் முன்வைத்தது. குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடுவதற்கு ஏதாவது ஆட்டம் யோசி என்று அவர் தன் உதவியாளர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் சொன்னார். நெய்ஸ்மித் கனடாக்காரர், ஸ்டாக்கின் கால்பந்து அணியிலேயே ஆடியவர். 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டி, ஒரு கால்பந்தைக் கொடுத்து ஆடவிட்டார். கூடைப்பந்து பிறந்தது. 1892 மார்ச் 11 அன்று ஊரார் முன்னிலையில் மாணவர்களும் ஆசிரியர்களும் மோதினார்கள். மாணவர்கள் 5-1 என்று வென்றார்கள். ஆசிரியர்கள் தரப்பில் விழுந்த அந்த ஒரே கூடை ஸ்டாக் போட்டது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மார்கன்தான் 1895-இல் பக்கத்து ஊரில் வாலிபாலைக் கண்டுபிடித்தார். இன்று நம் மாவட்டங்களின் எந்தப் பள்ளியிலும் இருக்கும் இரண்டு ஆட்டங்கள் ஒரே பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் இருந்து, நான்கு வருட இடைவெளியில் வந்தன என்பது சாதாரண விஷயம் இல்லை.

நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கூடைப்பந்து அணியைப் பயிற்றுவித்து 55 ஆட்டங்களில் ஜெயித்தார், 60-இல் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் தோல்விக் கணக்கு அதிகமாக உள்ள பயிற்சியாளர் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான்! ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பெரும் பயிற்சியாளர் ஆனார். ஆலனிடம் பயின்றவர்கள் இன்னும் பெரிய பயிற்சியாளர்கள் ஆனார்கள். வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்தால் நெய்ஸ்மித் தோற்றவர். அவர் வளர்த்த ஆட்களையும், அந்த ஆட்கள் வளர்த்த ஆட்களையும் எண்ணினால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

மூன்றாமவர் ஹாரி குரோ பக். 1884-இல் பென்சில்வேனியாவில் பிறந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். அவர் படிக்கும் காலத்துக்கு வெகு முன்பே ஸ்டாக் சிகாகோ போய்விட்டதால், நேரடிச் சீடர் என்று சொல்ல முடியாது. பள்ளி ஒன்று, கொள்கை ஒன்று, அவ்வளவுதான். 1919-இல் ஒய்.எம்.சி.ஏ. அவரைச் சென்னைக்கு அனுப்பியது. இங்கே பள்ளிகளில் அப்போது இருந்தது டிரில். பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பையன்களை வரிசையில் நிறுத்தி, இடது வலது சொல்லி, கையைத் தூக்கி இறக்கச் செய்வார்கள். அந்த ஹவில்தார்களுக்குத் தெரிந்ததை அவர்கள் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது படைப்பயிற்சி. பக் ஓர் அணியைத் திரட்டிப் பயிற்சி கொடுத்துக் கோப்பை வாங்கியிருந்தால் சென்னையில் அவருக்குச் சீக்கிரமே பேர் கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. 1920-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களை வைத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பள்ளி ஒன்றிரண்டு இடம் மாறி, 1932-இல் அடையாறு ஆற்றங்கரையில், சைதாப்பேட்டையில் விரிந்த நிலத்துக்கு வந்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்று இன்று புத்தகக் கண்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் நாம் போகிற இடம் அதுதான். ஆசியாவிலேயே இவ்வகையில் முதல் கல்லூரி என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமை.

நடுவில் 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. தடகள வீரர்களைத் தேர்ந்தெடுக்க நாடு தழுவிய போட்டி நடந்து, முறையாக அணி கட்டி அனுப்பியது அப்போதுதான். ஒய்.எம்.சி.ஏ.வின் இன்னொரு அமெரிக்கரான நேரன், 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது அதன் செயலாளர் ஆனார். தலைவர் தொராப்ஜி டாடா. பக்கும் நேரனும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி விளையாட்டுச் சங்கங்களுக்கு அடிபோட்டார்கள். பாரிஸில் பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. 1943 ஜூலையில் பக் சென்னையிலேயே இறந்தார். ஸ்டாக் விருது வாங்கிய அதே ஆண்டு.

பக்கின் கல்லூரி என்னதான் கற்றுக்கொடுத்தது என்பதை ஒரு சின்ன வேலையை அருகில் போய்ப் பார்த்தால் புரியும். பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் மைதானத்தில் ஓடுபாதை போடுகிறார்கள். ஒரு முளை, நீளக் கயிறு, அளவு டேப், டப்பாவில் சுண்ணாம்புத் தூள். இரண்டு நேர்க்கோடுகள், இரண்டு அரைவட்டங்கள். அரைவட்டத்தின் மையத்தில் முளை அடித்து, கயிற்றை இழுத்துப் பிடித்து, நடந்துகொண்டே தூளைக் கொட்ட வேண்டும். இதுவரை யாரும் செய்துவிடலாம். அடுத்ததுதான் விஷயம். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொரு தடத்தைவிடவும் அதற்கு அடுத்த வெளித்தடம் ஏறத்தாழ 7.66 மீட்டர் கூடுதல் தூரம். வளைவின் ஆரம் 20 மீட்டராக இருந்தாலும் 36 மீட்டராக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. அகலத்தை 2π-ஆல் பெருக்கினால் கிடைப்பது அது. ஆகவே ஒரே கோட்டில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டால், நாலாவது தடத்தில் ஓடுகிற பெண் இருபது மீட்டருக்கு மேல் அதிகம் ஓடித் தோற்றுப்போவாள். அதற்காகத்தான் ஒவ்வொரு தடத்துக்கும் புறப்படும் கோட்டை முன்னே தள்ளிப் போடுகிறார்கள். டிரில் ஹவில்தாருக்கு இது தேவைப்படவில்லை. பி.டி. மாஸ்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். வலை உயரம், பந்தின் சுற்றளவு, தவறு எது, தண்டனை எது, மூச்சு வாங்கும் பையனை எப்போது நிறுத்துவது, சுளுக்கிய காலை எப்படிக் கட்டுவது என்று இதுபோல நூறு. விளையாட்டு நியாயமாக நடக்க வேண்டுமானால் அதை நடத்துகிறவர் படித்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கருத்து.

பொருள் வராமல் செய்முறை மட்டும் வந்து சேர்கிற இந்தப் பயணம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் வட்டாரத்து வாசகர்களுக்குப் புதிதாக இராது. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஊர்கள் இவை. குரோம் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் 1884-இல் காப்புரிமை வாங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அரசாங்கச் செலவில் அதைச் சோதித்துப் பார்த்தார், அதுவும் கவலை இறைக்கும் தோல் சாலுக்காக. அமெரிக்கச் சரக்கு இங்கே வந்து குவியவில்லை. செய்முறை வந்தது, நம் கைகளில் பழகியது. ஆட்ட விஷயத்திலும் அப்படித்தான். கவசம், காலணி, தலைக்கவசம், உயிர்ப்பயம் எல்லாம் சேர்ந்த அமெரிக்கக் கால்பந்து ஒரு மாகாணப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. மேலும் இங்கே பிரிட்டிஷ் பட்டாளமும் கல்லூரிகளும் பரப்பிய கால்பந்து ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. (அமெரிக்கர்கள் தங்கள் பந்தைச் செல்லமாகப் பன்றித் தோல் என்பார்கள். உண்மையில் அது மாட்டுத் தோல். ஆம்பூரில் யாரிடம் காட்டினாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.) ஒரு பந்து, ஒரு வலை, இரண்டு கம்பங்கள் போதும் என்கிற வாலிபாலும், ஆட்களைத் தயார் செய்கிற முறையும்தான் தாக்குப்பிடித்தன.

அந்த ஆட்கள் வந்து நிற்க இங்கே இடமும் இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918. வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் இஸ்லாமியா கல்லூரியை நிறுவியது 1919. பக்கின் பள்ளி 1920. இந்த மூன்று வருடத்தை ஒன்றாகப் பார்க்கும்போது, வட ஆர்க்காட்டில் கல்வி நிறுவனங்கள் வேகமாகக் கிளைத்த காலம் அது என்று தெரியும். ஆம்பூரில் அமெரிக்க லுத்தரன் மிஷனின் கான்கார்டியா பள்ளி ஒருபுறம், தோல் வியாபாரிகளின் கொடையில் வளர்ந்த மஸ்ஹருல் உலூம் மறுபுறம். மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் கல்லூரி. மிஷன் பணமோ தோல் பணமோ, இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்று நிலம் ஒதுக்கினார்கள். மைதானம் இருந்தால் அதற்கு ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது காலப்போக்கில் அரசு விதியாகவும் ஆனது. சைதாப்பேட்டையில் தொடங்கியது இன்று பி.பி.எட்., எம்.பி.எட். என்று பட்டப் படிப்புகளாகி, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வரை வளர்ந்திருக்கிறது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, இது காலனிக் காலத்து மிஷனரி வேலை என்பது. சிலம்பமும் சடுகுடுவும் மல்யுத்தமும் இருந்த நாட்டுக்கு ஓர் அமெரிக்கர் வந்து உடலைப் பேணக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் உடற்பயிற்சி மரபுக்குத் தானே எழுந்து நிற்கத் தெரியும் என்பதற்குச் சான்றும் உண்டு: மகாராஷ்டிரத்து அமராவதியில் 1914-இல் தொடங்கிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், எந்த வெள்ளைக்காரர் துணையும் இல்லாமல் வளர்ந்து, 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடியை அங்கே ஆடிக் காட்டியது. ஆகவே பக் வராவிட்டால் இங்கே ஒன்றுமே நடந்திருக்காது என்று சொல்வது அபத்தம். ஆனால் அவர் வந்து எதை அழித்தார் என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டது சிலம்ப வாத்தியாரிடம் இருந்து அல்ல, டிரில் ஹவில்தாரிடம் இருந்து. அந்த டிரில்லும் பட்டாளத்தோடு வந்ததுதான். ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி வெளியிட்டு வந்த விளையாட்டு விதிகள் புத்தகத்தில் வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் பக்கத்திலேயே கபடியும் கோ-கோவும் இடம்பெற்றன. ஊருக்கு ஒரு விதமாக ஆடப்பட்ட சடுகுடுவுக்கு எழுத்தில் விதி கிடைத்த பிறகுதான் வேலூர் பையனும் மதுரைப் பையனும் சண்டையில்லாமல் ஆட முடிந்தது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. ஆசிரியர்களை உருவாக்கினார் சரி, பதக்கம் எங்கே? நம் வட்டாரத்திலேயே பெரிய சான்று அவருக்கு எதிராக இருக்கிறது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார்; 2018-இல் கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருக்குப் பளுதூக்கும் ஆசை வந்தது பள்ளி உடற்கல்விப் பாடவேளையில் இல்லை. அப்பா சிவலிங்கம் தேசிய அளவில் பளு தூக்கியவர். வேலூரில் அதற்கென்று பழகிய உடற்பயிற்சிக் கூடங்களும் உண்டு. அப்படியானால் வீரர்களைத் தருவது குடும்பமும் தெருவோரக் கூடமும்தானே, பி.டி. மாஸ்டர் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கூடத்திலும் நடப்பது என்ன? தூக்கத் தெரிந்தவர் அடுத்தவருக்குச் சொல்லித் தருகிறார். அப்பா மகனுக்குக் கொடுத்ததும் அதுவேதான். பயிற்றுவிக்கும் சங்கிலி அறுபடாமல் இருந்ததால் தங்கம் வந்தது. அப்பா பளு தூக்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சங்கிலி எங்கிருந்து கிடைக்கும் என்பதற்குத்தான் பள்ளி ஆசிரியர். தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற பெற்றோர்களின் பிள்ளைகள் முதன்முதலாக ஒரு நீளத்தாண்டல் குழியைக் காண்பது பள்ளியில்தான்.

மூன்றாவது குறையை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு முழுப் பதில் இல்லை. பக்கின் ஏற்பாடு நெடுங்காலம் ஆண்களைச் சுற்றியே இருந்தது. பெண் உடற்கல்வி ஆசிரியைகள் பின்னால்தான் வந்தார்கள், எண்ணிக்கையிலும் குறைவாக. இத்தனைக்கும் ஐடா ஸ்கட்டர் வயதான காலத்திலும் டென்னிஸ் மட்டையை விடாதவர். வேலூரில் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலைகளில் மேல்தோல் தைக்கும் வரிசைகளில் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்த முதுகோடு உட்கார்ந்திருக்கும் வேலை அது. முதுகையும் தோளையும் எப்படிக் காப்பது என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளியில் ஒருவர் கற்றுக்கொடுத்திருந்தால் அது அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க உதவியிருக்கும். விளையாட்டு வேளையில் பையன்கள் மைதானத்தை எடுத்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதை எத்தனையோ பள்ளிகள் இயல்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டன. இந்தக் குறையில் பக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் போய் எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால், பெரும்பங்கு நம்முடையது.

கடைசியாக, இந்த வேலை இன்று மதிப்பிழந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்தப் பெருமை என்று கேட்கலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் கணக்கு ஆசிரியருக்கோ அறிவியல் ஆசிரியருக்கோ போய்விடுகிறது. பி.டி. மாஸ்டர் வராத ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார், காலை வழிபாட்டில் வரிசையைச் சரி செய்கிறார், தாமதமாக வருகிறவர்களை வாசலில் நிறுத்துகிறார். அதாவது, பக் ஓய்வு கொடுத்து அனுப்பிய டிரில் ஹவில்தாரின் வேலைக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். சிகாகோவில் ஆட்டத்தைத் தின்றது வெற்றி வெறி. இங்கே அதைத் தின்பது மதிப்பெண். இரண்டு இடத்திலும் முதலில் காணாமல் போனது ஒன்றுதான், உடலைப் பழக்குவதும் கல்வி என்ற எண்ணம். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிகாகோவில் ஓர் அணியைக் கலைத்ததோடு கதை முடிந்தது. இங்கே பணியிடம் இருக்கிறது, படித்த ஆட்கள் இருக்கிறார்கள், பாடவேளை அட்டவணையில் இருக்கிறது, பல பள்ளிகளில் மைதானமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் விரவிக் கிடப்பதை ஒரே உத்தரவில் கலைத்துவிட முடியாது. 314 வெற்றிகளைக் குவித்தவர் விட்டுச் செல்லாததை, பாரிஸில் இருந்து வெறுங்கையோடு திரும்பியவர் விட்டுச் சென்றிருக்கிறார் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு வாருங்கள். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? அட்டவணையில் உள்ள பி.டி. பீரியட் பத்தாம் வகுப்புக்கும் நடக்கிறதா? அந்த நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கும் மைதானத்தில் இடம் உண்டா? பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல், கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.